மாத்திரைக்கு முன்னும் பின்னும்

இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்து ஆலைகளில் உருவாகிறது. அங்கே வளரும் ஆட்டிசக் குழந்தைக்கு வெடிச்சத்தம் தீபாவளியோடு முடிகிற சங்கதி இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு வாணவேடிக்கை, கல்யாண ஊர்வலத்துக்கு வெடி, கட்சித் தலைவர் வந்தால் பத்தாயிரம் வாலா, ஆள் இறந்துபோனால் வீட்டு வாசலில் தொடங்கி சுடுகாடு வரைக்கும் வெடி. (சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடைசெய்துவிட்டது என்பது வேறு கதை.) இதற்கெல்லாம் மேலாக இன்னொரு சத்தமும் இந்த மண்ணுக்கு உண்டு: ஆலை வெடிவிபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. ஆலைக்கு வேலைக்குப் போனவர் இருக்கும் வீட்டில், தூரத்தில் பெரிதாக ஏதோ அதிர்ந்தால் பெரியவர்களின் முகம் மாறும். பேச்சு வராத குழந்தைகூட அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஆகவே இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தை சத்தத்துக்குப் பயந்தால், அந்தப் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அந்தக் குழந்தையின் பதற்றத்துக்கு மாத்திரை கொடுக்கலாமா? பெற்றோரிடம் இந்தக் கேள்வி ஆம் அல்லது இல்லை என்ற வடிவத்திலேயே வந்து சேர்கிறது. சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் இழுப்பார்கள், பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம் இழுக்கும். என் கருத்து இதுதான்: மாத்திரையால் நன்மையா தீமையா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதற்கு முன்னால் என்ன செய்தோம், அதற்குப் பின்னால் யார் கவனித்தார்கள் என்ற இரண்டும்தான். பயத்தின் காரணத்தைத் தேடாமல் எழுதிய மாத்திரையும் தவறு. எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத மாத்திரையும் தவறு. இந்த இரண்டு தவறும் நேராத இடத்தில் மாத்திரைக்கு அஞ்சி ஒதுங்குவது மூன்றாவது தவறு.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் பதற்றம் எவ்வளவு பரவலானது என்பதை முதலில் பார்ப்போம். 31 ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு பதற்றக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. சத்தத்தைத் தாங்க முடியாத கூர்மையான செவியுணர்வும் ஏறக்குறைய இதே அளவில் இருப்பதாக 2021-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு காட்டியது. இவர்களில் பலர் "பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையைக் கடித்துக்கொள்வார்கள், சீருடையைப் பார்த்ததும் தரையில் விழுந்து புரளுவார்கள், ஒரே கேள்வியை நூறு முறை கேட்பார்கள், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள். ஊர் அதைப் பிடிவாதம் என்கிறது, சேட்டை என்கிறது. ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதிய லியோ கன்னர், 1943-இல் தாம் பார்த்த 11 குழந்தைகளிடம் உரத்த சத்தத்தின் மீதான பீதியைக் குறித்துவைத்தார். கூடவே அவர் கவனித்த ஒரு நுட்பம்: எந்தச் சத்தத்துக்கு அந்தக் குழந்தை அஞ்சுகிறதோ, அதே அளவு சத்தத்தைத் தானே எழுப்பும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அப்படியானால் அவர்களை வதைப்பது சத்தத்தின் அளவு மட்டுமாக இருக்க முடியாது. எப்போது வரும் என்று தெரியாமல், தன் அனுமதியைக் கேட்காமல் உள்ளே புகுவதும் சேர்ந்துதான் வதைக்கிறது. நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையே ஆட்டிசத்தில் பதற்றத்தின் முக்கிய வேர்களில் ஒன்று என்று பிற்கால ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

இது பட்டாசு பூமிக்கு மிகவும் பயன்படும் செய்தி. நம் சட்டப்படி, ஒரு பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் அதன் உச்ச ஒலி 145 டெசிபல் வரை இருக்கலாம். குழந்தைகளின் காதுக்கு உச்ச ஒலி 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பரிந்துரை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும் என்று கணக்கிட்டால், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் வெடிக்கும் ஒரு வெடியிலிருந்து குழந்தை 70 மீட்டருக்கும் அப்பால் நிற்க வேண்டும். சிவகாசியின் எந்தத் தெருவில் அவ்வளவு இடம் இருக்கிறது? இது சாதாரணக் காதுக்கான கணக்கு. கூர்செவிக் குழந்தைக்கு இன்னும் அதிகம் வேண்டும். அதே சமயம், 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று வரையறுத்ததையும், தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்ததையும் நினைத்துப் பாருங்கள். காற்று மாசுக்காக வந்த உத்தரவு அது. ஆனால் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், தமிழ்நாட்டு ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய சிகிச்சை ஏற்பாடு வேறில்லை. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்ல முடிந்தால், அந்த ஒரு மணி நேரத்தைப் பல குழந்தைகள் காதுமூடியோடும் மின்விசிறிச் சத்தத்தோடும் கடந்துவிடுவார்கள். அதைக் கெடுப்பது, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி ஒரு வாரம் பின்பும் நீளும் அந்த நேரங்கெட்ட வெடிகள்.

இப்படிச் சொன்னதும் ஒரு எதிர்ப்பு வரும். லட்சக்கணக்கானோரின் பிழைப்பில் கைவைக்கிறீர்களா என்பார்கள். நேரத்தைக் கடைப்பிடிக்கச் சொல்வது விற்பனையைத் தடுப்பதாகாது. மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் இந்த மண்ணில்தான் உருவாகின்றன. சத்தமில்லாத ரகங்களிலும் தொழிலாளிக்குக் கூலி உண்டு. ஆலைத் தொழிலாளியின் குழந்தையும் இந்தக் குழந்தைகளில் ஒன்று என்பதை மறந்துவிட்டுப் பிழைப்பைப் பற்றிப் பேசுவது விநோதமானது.

வெளிச்சத்தத்தைப் போலவே உடம்புக்குள் இருக்கும் காரணங்களையும் மாத்திரைக்கு முன் தேட வேண்டும். சொத்தைப் பல், மலச்சிக்கல், காதில் சீழ், தூக்கமின்மை, ஆட்டிசத்தோடு அடிக்கடி சேர்ந்து வரும் வலிப்பு நோய் என எதையும் சொல்லத் தெரியாத குழந்தை எல்லாவற்றையும் பதற்றமாகவே வெளிக்காட்டும். வகுப்பில் அடிக்கும் ஆசிரியரோ, கேலி செய்யும் பிள்ளைகளோ இருந்தால் எந்த மாத்திரையும் பள்ளிக்கூடத்தை இனிக்கச் செய்யாது. "சத்தத்துக்குப் பழக்கினால் சரியாகிவிடும்" என்று பயந்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் வெடிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்களும் உண்டு. பழக்குவது நல்ல சிகிச்சைதான். ஆனால் அது கைப்பேசியில் மெல்லிய ஒலியாகத் தொடங்கி, நிறுத்தும் பொத்தானைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, வாரக்கணக்கில் ஏறிச் செல்வது. இழுத்துப் போய் நிறுத்துவது பயத்தை வளர்க்கும்.

சரி, இவ்வளவும் செய்த பிறகு? இங்கேதான் மருந்தை எதிர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயம் சத்தத்தை விட்டு விலகித் தனியாக வளர்ந்துவிடும் குழந்தைகள் உண்டு. வெடிக்குப் பயந்தவன் வாசலுக்குப் பயப்படுகிறான், பிறகு ஜன்னலுக்கு, பிறகு அம்மா குளிக்கப் போவதற்கு. மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, எடை குறைகிறது, பள்ளி நின்றுபோகிறது, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். அந்த நிலையில் "மருந்தே வேண்டாம்" என்பது கொள்கை மாதிரி ஒலித்தாலும், அந்தக் கொள்கையின் விலையைக் கொடுப்பது குழந்தை. நீரிழிவுக்கு மருந்து எழுதும்போது யாரும் "மனவலிமை போதாதா" என்று கேட்பதில்லை.

மருந்து வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால், பொதுவாகக் குழந்தைகளின் பதற்றத்துக்கு நல்ல ஆதாரம்; ஆட்டிசக் குழந்தைகளுக்கு மெலிந்த ஆதாரம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 488 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், 12 வாரத்தில் செர்ட்ரலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினரும், சிந்தனை-நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும் தேறினார்கள். மருந்து இல்லாத வெற்று மாத்திரையில் தேறியவர்கள் 24 விழுக்காடு. ஆனால் அந்த ஆய்வில் ஆட்டிசக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அவர்களைச் சேர்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 2009-இல் 149 குழந்தைகளிடம், அதே வகை மருந்தான சிட்டலோப்ராம் வெற்று மாத்திரையை வெல்லவில்லை; இரு குழுவிலும் மூன்றில் ஒருவர் தேறினார். மருந்து எடுத்தவர்களிடம் துறுதுறுப்பும் தூக்கமின்மையும் அதிகம். 2019-இல் ஆஸ்திரேலியாவில் 146 பேரிடம் ஃப்ளூவாக்செடின் சிறிது பலன் தந்ததாகத் தெரிந்தது. இரு குழுக்களுக்கும் தொடக்கத்திலேயே இருந்த வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தபோது அது உறுதியாக நிற்கவில்லை. இந்த இரண்டு ஆய்வும் முதன்மையாகக் குறிவைத்தது திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை. பயம் அவற்றின் முதன்மை இலக்கு அல்ல. ஆகவே "ஆட்டிசத்தில் இந்த மருந்துகள் பயனற்றவை" என்று முடிவுகட்டுவதும் அவசரம், "கண்டிப்பாகப் பலிக்கும்" என்று வாக்குக் கொடுப்பதும் ஏமாற்று. எனக்கு இந்த எண்களில் முக்கியமாகப் படுவது அந்த மூன்றில் ஒருவர். வெற்று மாத்திரையிலேயே அத்தனை பேர் தேறியதாகத் தெரிகிறது என்றால், "மருந்து கொடுத்தோம், தேறிவிட்டான்" என்ற எண்ணத்தை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஒரு மாத்திரையைத் தொடர முடியாது. எழுதிவைத்து, அளந்து, இடையில் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதைவிடக் கவலைக்குரிய பழக்கம் ஒன்று இருக்கிறது: பயத்துக்கு அடக்கும் மருந்தைக் கொடுப்பது. பயத்துக்கான மருந்தும் அடக்குவதற்கான மருந்தும் வேறு வேறு. ரிஸ்பெரிடோன் கடும் ஆவேசத்துக்கும் தன்னைத்தானே தாக்கிக்கொள்வதற்கும் உண்மையிலேயே உதவுகிறது: 2002-இல் 101 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 69 விழுக்காட்டினருக்குப் பலன், வெற்று மாத்திரையில் 12 மட்டும். அதனால்தான் 2006-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எட்டே வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியது. ஆவேசத்தின் அடியில் பயம் இருந்தால், இந்த மருந்து குழந்தையைச் சத்தமில்லாமல் உட்காரவைக்கும். பயம் உள்ளே இருக்கும். வகுப்பறையும் வீடும் நிம்மதி அடையும், "நல்ல மாற்றம் தெரிகிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். யாருடைய நிம்மதியை அளந்தோம் என்று அப்போது கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் மறுபரிசீலனை, ஆறு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்து என்கிறது பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல். ஆறு வாரக் கெடு வைக்காமல் இந்த மருந்தைத் தொடங்கவே கூடாது என்பேன்.

"பழக்கமாகிவிடும், மூளை மழுங்கிவிடும்" என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஃப்ளூவாக்செடின், செர்ட்ரலின் போன்றவை போதைப் பொருள்கள் அல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பல பெற்றோர் அங்கேயே கைவிடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆட்டிசக் குழந்தைகளுக்கு வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது இதனால்தான். இளையோரிடம் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 4 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 2, யாரும் உயிரிழக்கவில்லை. சின்ன ஆபத்து, ஆனால் நிஜமானது. முதல் மாதத்தில் நெருங்கிக் கவனித்தால் கையாளக்கூடியது. பழக்கப்படுத்தும் ஆபத்து உண்மையில் இருப்பது அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளில்தான். சில குழந்தைகளை அவை அமைதிப்படுத்துவதற்குப் பதிலாக இன்னும் கிளப்பிவிடும். தீபாவளி இரவுக்காகப் பழைய சீட்டைக் காட்டி அவற்றை வாங்குவதும், தூங்கவைக்கச் சளி சிரப் ஊற்றுவதும் செய்யவே கூடாதவை.

பயிற்சி முறைகளே போதும் என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆட்டிசத்துக்கென்று மாற்றியமைத்த சிந்தனை-நடத்தைப் பயிற்சி, 167 குழந்தைகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் வழக்கமான பயிற்சியைவிட மேலாகப் பலித்தது. எங்கே கிடைத்தாலும் அதுவே முதலில் வர வேண்டும். ஆனால் அது பேசத் தெரிந்த, ஓரளவு படிக்கிற பிள்ளைகளுக்கானது. வாரம் ஒரு முறை, மாதக்கணக்கில் போக வேண்டியது. பட்டாசு ஆலையில் தினக்கூலிக்குப் போகும் தாய், சிவகாசியிலிருந்து மதுரைக்கு 70 கிலோமீட்டர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று, பேருந்துக் காசும் பயிற்சிக் கட்டணமும் தனி. அவருக்கு மாத்திரைதான் மலிவான வழி. மருந்தே கூடாது என்று சொல்லும் வசதி உள்ளவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள். ஏழைக் குடும்பத்துக்கு மாத்திரை மட்டும், வசதியானவருக்குப் பயிற்சி மட்டும் என்று ஒரே நோய் இரண்டு சிகிச்சையாகப் பிரிவது மருத்துவத் தீர்ப்பு ஆகாது.

ஆகவே கோரிக்கை அரசை நோக்கியும் போக வேண்டும். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற குறைபாடு. நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற இரண்டில் விருதுநகர் ஒன்று. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. குழந்தைகளைப் பரிசோதித்து ஆரம்பத்திலேயே தலையிடும் மையத் திட்டம், மாவட்ட மனநலத் திட்டம் இரண்டும் காகிதத்தில் ஏற்கனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. சிவகாசி அரசு மருத்துவமனையில் ஆலை வேலை முடிந்து வரக்கூடிய ஒரு மாலை நேரத்தை இந்தக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குங்கள். மருந்து தொடங்கிய குழந்தையின் வீட்டுக்கு முதல் மாதம் வாரம் ஒரு முறை செவிலியர் தொலைபேசியில் பேசட்டும். வீடு தேடிப் போய் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கத் தெரிந்த மாநிலத்துக்கு இது முடியாத காரியமா? மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் தீபாவளி நேரக் கட்டுப்பாட்டை அந்த ஒரு நாளோடு விடாமல், ஊர்வல வெடிகளுக்கும் முன்கூட்டியே நேரம் அறிவிக்கச் சொல்லலாம்.

பெற்றோர்களே, மருத்துவரிடம் போவதற்கு முன்பு இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், எதற்குப் பயந்தான், எவ்வளவு நேரத்தில் தணிந்தான். குழந்தைக்குப் புரிகிற அளவில், படம் வரைந்தாவது, எதற்கு இந்த மாத்திரை என்று அவனிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடம் மூன்றே கேள்வி: எந்தப் பயத்துக்காக இதை எழுதுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்படி நிறுத்துவது? மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் கொடுக்கும் மாத்திரையைத் தயங்காமல் வாங்குங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்; 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கிடைக்கும், அங்கே பேசி அடுத்து யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள்.